திப்பிக்கு யார் பொறுப்பு?

சேலத்திலிருந்து ஆத்தூர் பக்கமோ ராசிபுரம் பக்கமோ மரவள்ளிக் கிழங்கு அரவைப் பருவத்தில் பேருந்தில் போனவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். சேகோ ஆலை நெருங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகை வருவதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். புளித்த மாவும் சிக்கு வாடை அடித்த நெய்யும் கலந்தது போல இருக்கும். பயணிகள் ஜன்னலை இழுத்து மூடிவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். ஆலைக்குப் பின்னால் குடியிருப்பவர்கள் அந்த வாடையிலேயே சோறு தின்று, அதிலேயே உறங்குகிறார்கள்.

அதைப் பிரித்துப் பார்த்தால் அசிட்டிக் அமிலம் இருக்கும், புரோப்பியோனிக் அமிலம் இருக்கும், இரண்டையும் மிஞ்சிக்கொண்டு பியூட்டிரிக் அமிலம் இருக்கும். கிழங்கு கழுவிய நீரிலும், மாவு படிந்த பிறகு தொட்டியிலிருந்து வடித்துவிட்ட நீரிலும் மிச்சமிருக்கும் மாவுச்சத்தைக் காற்றுப் படாத குட்டையில் பாக்டீரியாக்கள் தின்று கழிக்கும் பொருள்கள் இவை. அசிட்டிக் அமிலம் வினிகரிலிருந்து பெயின்ட் வரை பயன்படுகிறது. புரோப்பியோனிக் அமிலத்தின் உப்பு ரொட்டியில் பூஞ்சை பிடிக்காமல் காக்கிறது. பியூட்டிரிக் அமிலத்தின் உப்பைக் கோழித் தீவனத்தில் கலக்கிறார்கள். அதே அமிலத்தை எத்தனாலோடு சேர்த்தால் அன்னாசிப்பழ எசன்ஸ் வாசனை கிடைக்கும். கோழிப் பண்ணைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்து மாவட்டம்தான். விற்றால் காசாகிற சரக்கு குட்டையில் தானாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. வசிஷ்ட நதியிலும் திருமணிமுத்தாற்றிலும் ஆலைக் கழிவு கலக்கிறது என்று ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேளாண் கழிவையும் உணவுக் கழிவையும் நொதிக்க வைத்துப் பயனுள்ள வேதிப்பொருள்களாக மாற்றலாம் என்ற பேச்சு இப்போது அரசுக் கொள்கை வரை வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ‘பயோஇ3’ கொள்கையில் உயிரிவழி வேதிப்பொருள்களுக்கு முக்கிய இடம் உண்டு. நல்லது. ஆனால் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம், ஏதோ ஓர் ஆய்வகத்தில் ஒரு புது நுண்ணுயிர் பிறந்துவந்து நம் குப்பையை எல்லாம் தின்று காசாக்கித் தரும் என்ற தொனியும் கூடவே சேர்ந்துகொள்கிறது. நுண்ணுயிர்கள் எப்போதோ தயார். நூறு ஆண்டுக்கு மேலாக ஆலைகளில் வேலை பார்த்துப் பழகியவை அவை. தயாராகாமல் இருப்பவர்கள் விவசாயி, ஆலைக்காரர், மாடு வைத்திருப்பவர், ஊராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சரக்கை வாங்க வேண்டிய கம்பெனி, வீட்டில் குப்பைக்கூடை வைத்திருக்கும் நாம் என அத்தனை பேரும். இவர்களுக்குள் ஓர் உடன்பாடு வராத வரை எவ்வளவு செலவழித்துக் கலன் கட்டினாலும் அது ஓடாது.

நூறு ஆண்டு என்றது மிகையில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்துக்கான சிட்ரிக் அமிலம் பெரும்பாலும் இத்தாலிய எலுமிச்சைத் தோட்டங்களிலிருந்துதான் வந்தது. வெங்காயத்தின் மேல்தோலில் கறுப்பாகப் படியுமே, அந்த ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையை, சர்க்கரைக் கரைசலில் சரியாக வளர்த்தால் ஏராளமாகச் சிட்ரிக் அமிலம் சுரக்கும் என்று 1917-ல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் கரி காட்டினார். இரண்டே ஆண்டில் ஃபைசர் கம்பெனி புரூக்ளினில் அதைத் தொழிலாக்கியது. இன்று உலகம் ஆண்டுக்குச் செலவழிக்கும் இருபது லட்சம் டன்னுக்கும் மேலான சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய முழுவதுமே நொதித்தலில் வருவது. சோடா பாட்டிலின் லேபிளில் எலுமிச்சைப் படம் போடுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் வெங்காயத்தைப் போட வேண்டும்.

அதே ஆண்டுகளில் பிரிட்டனில் நடந்த இன்னொரு கதை நம் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்கான கார்டைட் வெடிமருந்து செய்ய அசிட்டோன் தேவைப்பட்டது. மான்செஸ்டரில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்த கைம் வைஸ்மன், மாவுச்சத்தை அசிட்டோனாகவும் பியூட்டனாலாகவும் மாற்றும் ஒரு பாக்டீரியாவைப் பிடித்து வைத்திருந்தார். (இவர்தான் பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவர்.) மக்காச்சோளம் போட்டு ஆலை ஓடியது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மறித்ததும் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. மனிதர் தின்ன முடியாத, ஆனால் மாவுச்சத்து உள்ள ஒன்றைத் தேடினார்கள். பூங்காக்களில் உதிர்ந்து கிடக்கும் குதிரைச் செஸ்ட்நட் கொட்டை கண்ணில் பட்டது. 1917 இலையுதிர் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளைப் பொறுக்கச் சொன்னார்கள். எதற்கு என்று சொல்லவில்லை, போர் ரகசியம். பிள்ளைகள் மலைமலையாகப் பொறுக்கிக் குவித்தார்கள். ஏற்றிப்போக ரயில் வண்டி இல்லை. ரயில் நிலையங்களிலேயே குவியல்கள் அழுகின. கிங்ஸ் லின் ஊரில் இருந்த ஆலைக்கு ஏறத்தாழ 3,000 டன்தான் போய்ச் சேர்ந்தது. போன கொட்டையும் எதிர்பார்த்தபடி நொதிக்கவில்லை. 1918 ஏப்ரலில் கொட்டையை வைத்துத் தொடங்கிய உற்பத்தி ஜூலையில் நின்றது.

இதில் குறை சொல்ல ஆள் தேடினால் கிடைக்க மாட்டார்கள். மக்காச்சோளத்தில் பாக்டீரியா தன் வேலையைச் செய்தது. பிள்ளைகள் தங்கள் வேலையைச் செய்தார்கள். நடுவில்தான் யாரும் இல்லை. வண்டிக்கு ஏற்பாடு செய்பவர் இல்லை. வருகிற கொட்டை ஆலைக்கு ஏற்றதா என்று முதலிலேயே சோதித்துப் பார்ப்பவர் இல்லை. எதற்காகப் பொறுக்குகிறோம் என்பதுகூடப் பொறுக்கியவர்களுக்குத் தெரியாது.

நம் காலத்துத் திட்டங்களும் அந்த நடுப்பகுதியில்தான் சிக்குகின்றன. கழிவிலிருந்து அழுத்தப்பட்ட உயிரிவாயு எடுக்க 2018 அக்டோபரில் ஒன்றிய அரசு ‘சதத்’ திட்டத்தைத் தொடங்கியது. எண்ணெய் நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும் என்ற உறுதியும் இருந்தது. இலக்கு 5,000 ஆலைகள். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது நூறுகூடத் தேறவில்லை. ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் வைக்கோலைத் தின்று மூன்று கோடி லிட்டர் எத்தனால் கொடுக்கும் என்று அறிவித்து, 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலையைத் திறந்தார்கள். அங்கேயும் முதல் தலைவலி நொதியமோ ஈஸ்ட்டோ இல்லை, வைக்கோல் சேகரிப்புதான். நெல் அறுத்துக் கோதுமை விதைப்பதற்கு இடையே விவசாயிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரம். ஆண்டு முழுவதும் ஓட வேண்டிய ஆலை அந்த மூன்று வாரத்தில் தன் தீனியைச் சுருட்டிக் கட்டி எங்கேயாவது நனையாமல் வைத்தாக வேண்டும். கட்டும் இயந்திரம் யாருடையது, வைக்கும் இடம் யாருடையது, வாடகை யார் தருவது என்பதெல்லாம் நுண்ணுயிரியல் பாடத்தில் வராத கேள்விகள்.

சேலத்துக்கு வருவோம். இங்கே ஜவ்வரிசித் தொழிலுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசை நாடுகளின் சேகோ வரத்து நின்றபோது, 1943 வாக்கில், மரவள்ளியிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரியில் வந்திறங்கியதும் முதல் வேலை பாயின்ட் பார்ப்பது, அதாவது கிழங்கில் மாவுச்சத்து எத்தனை விழுக்காடு என்று அளப்பது. பாயின்ட்டுக்கு இவ்வளவு என்றுதான் விவசாயிக்கு விலை. ஒரு பாயின்ட் குறைந்தால் வாக்குவாதம் வரும். பிறகு தோல் சீவி, கழுவி, அரைத்து, சல்லடையில் தண்ணீர் பாய்ச்சி அலசுகிறார்கள். மாவுப் பால் தொட்டிக்குப் போய் மாவாகப் படிகிறது. சல்லடையில் தங்குவது திப்பி.

அந்தத் திப்பியைக் காயவைத்துச் சோதித்தால் அதில் ஏறத்தாழப் பாதி மாவுச்சத்து. விவசாயியோடு பாயின்ட் பாயின்ட்டாகப் பேரம் பேசி வாங்கிய அதே மாவுச்சத்துதான் இது. நாரின் பிடியிலிருந்து ஆலையால் பிரிக்க முடியாமல் போனது. ஆலையால் முடியாததைப் பூஞ்சையால் முடியும். திருவனந்தபுரத்தில் இப்போது ‘நிஸ்ட்’ என்று அறியப்படும் சிஎஸ்ஐஆர் ஆய்வகத்தில் அசோக் பாண்டேயும், பிரேசிலின் பரானா பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் சொக்கோலும் இதை இருபது இருபத்தைந்து ஆண்டுக்கு முன்பே விரிவாக ஆராய்ந்துவிட்டார்கள். மரவள்ளித் திப்பியில் ஆஸ்பர்ஜில்லஸ் வளர்த்துச் சிட்ரிக் அமிலம், ரைசோபஸ் வளர்த்து ஃபியூமரிக் அமிலம், இன்னொரு பூஞ்சையைக் கொண்டு பழ வாசனைப் பொருள்கள் என்று பட்டியல் நீள்கிறது. பிரேசிலிலும் மரவள்ளி உண்டு, திப்பி உண்டு, அங்கும் அதை எங்கே கொட்டுவது என்ற கவலை உண்டு. அதனால் சேர்ந்த கூட்டு அது.

பிறகு ஏன் தலைவாசலிலோ மல்லூரிலோ ஓர் அமில ஆலை இல்லை? ஈரத் திப்பியில் பெரும்பகுதி தண்ணீர். லாரியில் ஏற்றினால் தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறோம். ஒரு நாள் விட்டால் தானாகப் புளித்துவிடும். நமக்கு வேண்டிய பூஞ்சைக்கு முன்பே ஊரில் உள்ள பாக்டீரியா எல்லாம் பந்தியில் உட்கார்ந்துவிடும். தனித்தனி ஆலையின் திப்பி ஓர் அமிலக் கலனுக்குப் போதாது. கிழங்கு வரத்தும் ஒரே சீராக இருப்பதில்லை. 2020-ல் தமிழ்நாட்டு மரவள்ளியில் புகுந்த மாவுப்பூச்சி வயல் வயலாகக் கருக்கிப் போட்டது. வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவியை 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக விட ஆரம்பித்த பிறகுதான் மூச்சு வந்தது. முதலீடு போடுகிறவர் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு வேறு மாவட்டம் போய்விடுகிறார்.

இவற்றில் தனி ஆலைக்காரர் தீர்க்கக்கூடியது எதுவுமில்லை. ஆனால் சேலத்தில் ஒரு கூட்டுறவு அமைப்பு இருக்கிறது. 1981-ல் பதிவான சேகோசர்வ், முந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகளை உறுப்பினராகக் கொண்டு, ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் தன் கிடங்கில் வாங்கி வைத்துத் தரம் பார்த்து டெண்டரில் விற்றுக் கொடுக்கிறது. அதற்கு முன்பு ஒவ்வோர் ஆலையும் தனியாகப் போய் வியாபாரியிடம் மாட்டிக்கொண்ட காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மூட்டைக்குச் செய்ததைத் திப்பிக்கும் தோலுக்கும் ஏன் செய்யக் கூடாது? பத்துப் பதினைந்து ஆலைக்கு ஒரு பொதுப் பிழிவகம், அங்கேயே உலர்த்தும் வசதி, வெளியே போகும் சரக்குக்குப் பாயின்ட் சோதனை என்று தொடங்கினால் போதும். பாயின்ட் பார்க்கத் தெரிந்த ஊர் இது. யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இங்கே மாட்டின் கேள்வி வரும், வர வேண்டும். திப்பி குப்பை என்று சென்னையிலும் டெல்லியிலும் உட்கார்ந்திருப்பவர்கள்தான் எழுதுவார்கள். சேலம், நாமக்கல், தருமபுரியில் அது விலை கொடுத்து வாங்கும் தீவனம். இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்குத் திப்பி விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் உறைக்கும். வைக்கோலும் அப்படியே. பஞ்சாபில் அதை எரிக்கிறார்கள் என்பதற்காகத் தஞ்சாவூரிலும் எரிக்கிறார்கள் என்று நினைத்துத் திட்டம் போட்டால், டெல்டாவில் கட்டுக் கட்டாக விற்கும் வைக்கோலை ஏழை மாட்டுக்காரரிடமிருந்து ஆலை பிடுங்கியதாகிவிடும். மனிதர் தின்னக்கூடியது மனிதருக்கு, கால்நடை தின்னக்கூடியது கால்நடைக்கு, மண்ணுக்குத் தேவையானது மண்ணுக்கு, அதற்கு அப்பால் மிஞ்சுவதுதான் கலனுக்கு என்ற வரிசையை எல்லாத் தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இது கருணைப் பேச்சு இல்லை. இந்த வரிசையை மீறிய ஆலைக்கு ஊர் பகையாகும். ஊர் பகையானால் தீனி வராது.

அப்படிப் பார்த்தால் சேலத்தில் கலனுக்கு முதலில் போக வேண்டியது எது? மாடு குடிக்காத கழிவுநீர், மண் ஒட்டிய தோல், மழைக்காலத்தில் களத்தில் நனைந்து பூசணம் பூத்த திப்பி ஆகியவை. இவற்றுக்கு உரிமை கொண்டாட யாரும் இல்லை, பாதிக்கப்பட்டவர்கள்தான் இருக்கிறார்கள். கழிவுநீரை மூடிய கலனில் அடைத்து மீத்தேன் எடுத்து ஆலைக்கே எரிபொருளாக்கும் வேலையைப் பல சேகோ ஆலைகள் முன்பே செய்துவிட்டன. அவற்றின் அக்கம்பக்கத்தில் நாற்றமும் குறைந்திருக்கிறது. மீத்தேனுக்குப் போகும் பாதையில் நடுவில் வரும் நிறுத்தம்தான் முதலில் சொன்ன அமிலங்கள். மாவுச்சத்தைச் சில பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன, வேறு சில நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தை மீத்தேனாக்குகின்றன. இரண்டாவது கூட்டத்தை வேலை செய்ய விடாமல் தடுத்தால் அமிலம் அமிலமாகவே நிற்கும். ஆம்ஸ்டர்டாமில் செயின்கிராஃப்ட் என்ற கம்பெனி இந்த வழியில்தான் உணவுக் கழிவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் எடுத்துக் காட்டியிருக்கிறது. ஆனால் நீர்த்துப்போன கரைசலிலிருந்து அமிலத்தைப் பிரித்தெடுப்பது செலவு பிடித்த வேலை. வைஸ்மன் முறையில் கலனில் சேரும் கரைப்பான்கள் நூற்றுக்கு இரண்டு பங்குதான். மீதி 98 பங்கையும் சூடாக்கித்தான் அதைப் பிரிக்க வேண்டும். பெட்ரோலியம் மலிவானதும் அந்தத் தொழில் பெரும்பாலான நாடுகளில் படுத்துவிட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டனில் அது 1980-களின் தொடக்கம் வரை ஓடியது. ஆகவே நீர்த்த கழிவுநீருக்கு எரிவாயுவே போதும். கெட்டியான தோலுக்கும் கெட்டுப்போன திப்பிக்கும் அமிலத்தை முயன்று பார்க்கலாம். எல்லாவற்றையும் விலையுயர்ந்த வேதிப்பொருளாக்கிவிடுவோம் என்று மேடையில் சொல்கிறவர் தம் மின்கட்டணக் கணக்கையும் மேடையிலேயே காட்டட்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-ல் உலகம் வீணடித்த உணவு 105 கோடி டன். அதில் அறுபது விழுக்காடு வீடுகளிலிருந்து. இந்தியாவில் வீடுகளில் மட்டும் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று அந்த அறிக்கை மதிப்பிடுகிறது. முதல் கடமை அந்த எண்ணைக் குறைப்பதுதான், சந்தேகமில்லை. குறைத்த பிறகும் மிஞ்சும் தோலும் காம்பும் எச்சிலும் கலனுக்குப் போகலாம் என்றால், எப்படிப் போகின்றன என்பது முக்கியம். லாக்டிக் அமிலம் எடுக்கிற பாக்டீரியா சுத்தத்தில் கறார். டயப்பரும் பேட்டரியும் பால் கவரும் கலந்த ஈரக்குப்பையில் அதற்கு வேலை கிடையாது. பின்னால் அதைப் பிரிக்க உட்கார வைக்கப்படுவது தூய்மைப் பணியாளரைத்தான்.

நமக்குப் பிரிக்கத் தெரியாது என்று சொல்வதை ஏற்க முடியாது. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை தெருவுக்கு நாலு வீட்டில் கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், பழைய சோறு எல்லாம் அதில் சேரும். மாலையில் மாட்டுக்காரர் வந்து எடுத்துப்போவார். அந்தப் பானையில் யாரும் பிளேடு போட்டதில்லை, கண்ணாடிச் சில்லு போட்டதில்லை. விதியோ அபராதமோ இருந்ததால் அல்ல. அதைக் குடிக்கப்போகும் மாடு எது என்று எல்லோருக்கும் தெரியும். பாலும் அதே மாட்டிலிருந்து வந்தது. கழிவு போய்ச்சேரும் வாயை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்ட நகராட்சி வண்டிதான் நம்மைப் பிரிக்காதவர்களாக்கியது. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே பிரிக்கச் சொன்னன; நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் ஓட்டல், கல்யாண மண்டபம், அடுக்ககம் போன்றவை ஈரக்கழிவை முடிந்தவரை தம் வளாகத்திலேயே கையாளச் சொன்னன. நடைமுறையில், பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டிக்கொண்டு போவதைப் பார்த்த குடும்பம் மறுநாள் பிரிக்காது. அது சோம்பல் இல்லை, நியாயமான கோபம்.

இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த உயிரிவாயு ஆலை நாளுக்கு 550 டன் ஈரக்கழிவைச் செரிக்கும் அளவில் கட்டப்பட்டது. அங்கே ஆலை கட்டியது பின்னால். வீடு வீடாகப் பிரித்து வாங்கும் பழக்கத்தை ஆண்டுக்கணக்கில் வேரூன்ற வைத்தது முன்னால். தென்கொரியா 2005-ல் உணவுக் கழிவை நேரடியாகக் குப்பைமேட்டில் கொட்டத் தடை போட்டது, 2013 முதல் கொட்டும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வைத்தது. இன்று அந்நாட்டு உணவுக் கழிவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தீவனமாகவோ உரமாகவோ வாயுவாகவோ மாறுகிறது என்பது அரசின் கணக்கு. கட்டணம் என்றதும் நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். ஆனால் பத்துப் பேர் விருந்துக்கு முப்பது வகை வைத்து இலையோடு மடிக்கும் மண்டபத்துக்கும், மிச்சத்தை மறுநாள் தாளித்துச் சாப்பிடும் வீட்டுக்கும் ஒரே குப்பை வரி என்பதை யாரும் நியாயம் என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு பயத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். ‘கெமிக்கல் ஃபேக்டரி’ என்று சொன்னால் கடலூர் சிப்காட்டின் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு வயிறு கலங்கும். தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம்தானே என்று சமாதானம் சொல்லிவிட முடியாது. நொதித்தல் ஆலைக்கும் கழிவு உண்டு. மொலாசஸிலிருந்து ஒரு லிட்டர் சாராயம் காய்ச்சினால் எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை கரும்பழுப்புக் கழிவுநீர் வருகிறது. அது ஆற்றில் இறங்கினால் மீன் செத்து மிதக்கும். லாக்டிக் அமிலத்தை வழக்கமான முறையில் சுண்ணாம்பு சேர்த்துத் தயாரித்தால் டன்னுக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சம் மலைபோல் சேரும். சேகோ நாற்றத்தைத் தீர்க்கிறேன் என்று வந்து வேறொரு நாற்றத்தைக் கொடுத்துப் போகும் ஆபத்து நிஜமானது. அதற்காகத் தொழிலே வேண்டாம் என்பதும் சரியில்லை. உத்தராகண்டின் காசிப்பூரில் மொலாசஸ் எத்தனாலிலிருந்து கிளைக்கால் தயாரிக்கும் ஆலை 1989 முதல் ஓடுகிறது, பெட்ரோலியத்தைத் தொடாமல் பாலியெஸ்டர் நூலுக்கு மூலப்பொருள் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. வேண்டியது வெளிப்படை. வாரியத்தின் கணினிக்கு மட்டும் போகும் கழிவுநீர் அளவுகள் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தெரியட்டும், தமிழில், அன்றாடம்.

காசு விஷயத்தில்தான் பொறுப்பு உண்மையில் பகிரப்படுகிறதா என்று தெரியும். இன்றைய நிலையில் நட்டம் மட்டும் பொதுவாக இருக்கிறது: நாற்றம் ஊருக்கு, கெட்ட கிணறு பக்கத்துத் தோட்டத்துக்கு, நீர் சுத்திகரிப்புச் செலவு ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு. நாளை திப்பிக்கும் தோலுக்கும் விலை வந்தால் லாபம் மட்டும் தனிச்சொத்தாகிவிடக் கூடாது. கிழங்கு விவசாயிக்குப் பாயின்ட் விலையில் ஒரு பங்கு ஏற வேண்டும், ஏனென்றால் திப்பியில் தங்கிய மாவுச்சத்தும் அவர் விளைவித்ததுதான். ஆலைக்காரர் பொதுப் பிழிவகத்துக்குத் தன் பங்கை முன்பணமாகப் போட வேண்டும். மாசுக்கு அபராதம் கட்டுவதைவிட அது மலிவு என்று ஆகும்படி வாரியம் அபராதத்தை உண்மையாக வசூலிக்க வேண்டும். அரசின் பங்கு மானியத்தோடு முடியாது. உயிரிவாயுவுக்கு வாங்கும் உறுதி கொடுத்ததைப் போல, கழிவிலிருந்து வரும் அமிலத்துக்கும் கரைப்பானுக்கும் சில ஆண்டுகளுக்காவது வாங்கும் உறுதி தர வேண்டும், கூடவே சதத் திட்டத்தில் விட்டுப்போன நடுப்பகுதிக்கும், அதாவது சேகரிப்புக்கும் கிடங்குக்கும் வண்டிக்கும், பணம் ஒதுக்க வேண்டும். ஆய்வகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கண்ணாடிக் குடுவையில் கிடைத்த விளைச்சலை மட்டும் வெளியிடாமல், மழைக்காலத்தில் நாலு நாள் புளித்த திப்பியில் என்ன கிடைக்கிறது என்பதையும் செய்து பாருங்கள். சேலத்துக்குத் தேவைப்படும் எண் அதுதான்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2-ம் தேதிக் கூட்டம் கிழங்கு வரத்து சூடுபிடிக்கும் காலத்தை ஒட்டி வருகிறது. சேகோ ஆலை உள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும் அன்றைய பொருள்பட்டியலில் இதைச் சேர்க்கச் சொல்லி ஊர்க்காரர்கள் இப்போதே எழுதிக் கொடுக்கலாம். ஆலையில் நாளுக்கு எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது, தோலும் கெட்ட திப்பியும் எங்கே போகின்றன, பொதுப் பிழிவகத்துக்கு இடம் கொடுக்க ஊராட்சி சம்மதமா என்று கேட்கலாம். ஆலைக்காரரும் வரட்டும், கிழங்கு போட்டவரும் வரட்டும், திப்பி வாங்கும் மாட்டுக்காரப் பெண்களை மறக்காமல் கூப்பிடட்டும். தீர்மானம் எழுதும்போது திப்பி விலைக்கு ஓர் உச்சவரம்பு கேட்கப்போவது அவர்கள்தான்; அந்த வரியையும் சேர்த்தே எழுத வேண்டும்.